நின்னுருக்கு என்று அவள் சொன்னது

ஒரே ஒரு சொல்லை நானும் என் மருமகளும் ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டு, மருந்தெண்ணெய் சூடாகிக்கொண்டிருந்த ஓர் அறை வரைக்கும் போய்விட்டோம். இன்னும் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்பவும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. நான் சுலபத்தில் வேர்க்கிறவள் இல்லை.

உத்தனப்பள்ளியில் மூணாங்கிளாஸைத் தாண்டாதவள் நான். எழுதினால் எழுத்து கோணலாகப் போகும். சொன்னால் நேராக வரும். வீட்டுக்காரர் இறந்தபிறகு கைப்பிள்ளையோடு ஓசூருக்கு வந்து, பட்டறை வாசலில் சோற்றுக் குண்டானை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்றைக்குத் தொழிற்பேட்டையில் பாதிக் கம்பெனிகளுக்கு என் கேன்டீனில் இருந்துதான் சாப்பாட்டு வண்டி போகிறது. என் சாம்பாரைச் சாப்பிடாமல் இந்த ஊரில் எவனும் ஒரு நட்டு முடுக்கியிருக்க மாட்டான். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான், இருந்தாலும் உண்மை.

அதைவிடப் பெரிய பெருமை என் வாய். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர் மாதிரி வரும். காய்கறி மண்டியில் கன்னடம், பாத்திரம் கழுவுகிற பெண்களோடு தெலுங்கு, ஆபீசரிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ். எங்கள் தெருவில் யாராவது பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனால், பேச்சுத் துணைக்கு என்னைத்தான் கூட்டிப் போவார்கள்.

மருமகள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலைக்கு வந்தவளை என் மகன் பார்த்துப் பிடித்துக்கொண்டான். அவன் இன்னொரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். இவளுக்குப் பகல் ஷிப்டு என்றால் அவனுக்கு ராத்திரி ஷிப்டு. "ரெண்டு பேரும் வாசல்ல மோதிக்கிட்டா மட்டும் எப்படிடா புள்ள பொறக்கும்" என்று நானே கேலி செய்திருக்கிறேன். வருஷங்கள் போகப் போக அந்தக் கேலியை நிறுத்திக்கொண்டேன். காவேரிப்பட்டினத்தில் இருக்கிற என் நாத்தனார் நிறுத்தவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில், என் காது கேட்கவே, "ஊருக்கெல்லாம் சோறு போடறா, வீட்டுல ஒரு வாய்க்கு ஊட்டிவிட புள்ள இல்ல" என்றாள். மருமகள் இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

பெங்களூரில் எல்லாச் சோதனையும் ஆனது. மகனிடம் குறை இல்லை. இவளுக்கு இடப்பக்கத்துக் கருக்குழாயில் அடைப்பு மாதிரித் தெரிகிறது, டெஸ்ட் டியூப் முறைக்குப் போய்விடலாம் என்றார்கள். மகன் அதற்குத் தயாராகத்தான் இருந்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்போதுதான் கேன்டீனுக்குக் காய் நறுக்க வருகிற பெண் ஒருத்தி அத்திப்பள்ளி தாண்டி ஆனேக்கல் ரோட்டில் இருக்கிற ஆயுர்வேத வைத்தியசாலையைப் பற்றிச் சொன்னாள். உத்தரவஸ்தி என்று ஒரு சிகிச்சை. வயிற்றிலும் இடுப்பிலும் எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, பிறகு மெல்லிய குழாய் வழியாக மருந்தெண்ணெயைக் கர்ப்பப்பைக்குள்ளேயே விடுவது. மாதத்தீட்டு முடிந்து சுத்தமானதும் தொடங்கி, அடுத்தடுத்த காலைகளில் செய்வார்கள்.

முதல் தடவை போனபோது நாங்கள் மூன்று பேரும் போனோம். வைத்தியர் ஒரு பெண், என் மகனைவிடச் சின்னவளாக இருப்பாள், ஆயுர்வேதம் படித்துப் பட்டம் வாங்கியவள். கன்னடம்தான் பேசினாள். ஸ்கேன் பேப்பர்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, குழாய் திறக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது, கிடைக்காதவர்களும் உண்டு, பெங்களூர் டாக்டர் சொன்னதையும் விட்டுவிடாதீர்கள் என்றாள். அதில் நல்ல பாதியை மட்டும் மருமகளுக்குத் தமிழில் சொன்னேன். நடுவில் நின்று பேசுகிறவளுக்கு அந்த உரிமை கூட இல்லாவிட்டால் எப்படி?

மருமகள் யோசித்தாள். பல நாள் யோசித்தாள். கர்ப்பப்பைக்குள் எண்ணெய் விடுவது என்ற பேச்சே அவளுக்குக் கூச்சமாகவும் பயமாகவும் இருந்தது. கடைசியில் ஒருநாள் காலையில், கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"இது ஒண்ணு செஞ்சுக்கிடுதேன் அத்தை. உங்களுக்காகத்தான். இதுக்கு அப்புறம் என் வயித்தப் பத்தி இந்த வீட்டுல யாரும் பேசக் கூடாது. நீங்களும்."

சரி என்றேன். அவள் சொன்ன விதத்தில், இதுவும் தவறினால் அவள் இந்த வீட்டில் இருப்பாளா என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

ஸ்பீக்கரில் போட்டு வைத்தியசாலைக்குப் போன் செய்தேன். "முட்டு நிந்த மேலே கர்கொண்டு பன்னி" என்றாள் வைத்தியர். கன்னடத்தில் முட்டு என்றால் மாதத்தீட்டு. அது நின்றபிறகு கூட்டி வாருங்கள் என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற மருமகள் முகம் சுளித்து, "என்ன அத்தை, எடுத்த எடுப்புல பன்னிங்காவ?" என்று கேட்டாள். பன்னி என்றால் வாங்க என்று நான் விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, "நின்னதும் சொல்லு கண்ணு, கூட்டிட்டுப் போறேன்" என்றேன். தலையாட்டினாள்.

இங்கேதான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம், ரத்தம் போவது முடிந்துவிட்டதா என்று கேட்க "நின்னுடுச்சா" என்போம். அவள் வீட்டில் அதற்கு "குளிச்சாச்சா" என்பார்களாம். நின்றிருக்கிறது என்று அவர்கள் சொன்னால், மாதம் வர வேண்டியது வராமல் நின்றிருக்கிறது, அதாவது நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று அர்த்தம். மூன்று மொழி தெரிந்த எனக்கு, ஒரே தமிழுக்குள் இப்படி ஒரு திருப்பம் இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

வாரங்கள் போயின. நான் கேட்கவில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறேனே. பொறுக்க முடியாமல் ஒருநாள் மதியம், அவளுடைய டீ நேரம் பார்த்துப் போன் போட்டேன். என்னைச் சுற்றி சாப்பாட்டு டப்பா கட்டுகிற பெண்கள்; அவளைச் சுற்றி அவள் லைனில் வேலை செய்கிறவர்கள்.

"நின்னுடுச்சா?" என்றேன், வேறொன்றும் சொல்லாமல்.

சுற்றியிருந்த பேச்சுச் சத்தத்தை விட்டு அவள் தள்ளிப் போவது கேட்டது. பிறகு மெதுவாக, "நின்னுருக்கு அத்தை" என்றாள்.

"அப்ப நாளைக்கே போலாம். லீவு சொல்லிடு."

"சரி அத்தை. இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இதற்கு முன்னால் ஒரு தடவை நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று அவள் வாயைத் திறந்ததும் நான் கேன்டீன் முழுக்கக் கேசரி கிண்டிப் போட்டுவிட்டேன். சந்தோஷம் வந்தால் அடுப்பைப் பற்ற வைக்கிறவள் நான், வேறென்ன செய்வேன்? மறுநாளே தீட்டு வந்துவிட்டது. அதிலிருந்து அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. இப்போது சிகிச்சைக்குப் போவதை மறைக்கிறாள், நியாயம்தானே என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கேன்டீன் வண்டியில் கிளம்பினோம். மகனுக்கும் அந்த வாரம் ஷிப்டு மாறிப் பகலாகியிருந்தது, போய்விட்டான். பட்டினியாக வரச் சொல்லியிருந்ததால் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஜுஜுவாடி தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அவளாக என் கையைப் பிடித்ததில்லை.

"நெசமாவே யார்கிட்டயும் சொல்லலையே அத்தை?"

"இதப் போயி யாராவது சொல்வாங்களா?"

"நீங்க மாறிட்டீங்க அத்தை" என்றாள். கண் கலங்கியிருந்தது. பயத்தில் கலங்குகிறாள் என்று நினைத்து, கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவளோ, நின்னதும் சொல்லு என்று நான் அன்றைக்குச் சொன்னதையும் நாள் தள்ளினால் சொல்லு என்றே எடுத்துக்கொண்டு, நாடி பார்த்து உறுதி செய்யத்தான் சத்தமில்லாமல் கூட்டிப் போகிறேன், மாமியார் இந்தத் தடவை ஆர்ப்பாட்டம் செய்யாமல் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரே சீட்டில் உட்கார்ந்துகொண்டு வேறு வேறு ஊருக்குப் போனோம்.

வைத்தியசாலையில் நர்ஸ் அவளிடம் பச்சைத் துணி கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னாள். உள்ளே மரக்கட்டில், ரப்பர் விரிப்பு. மூலையில் சின்ன அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரம், அதற்குள் எண்ணெய்க் கிண்ணம். ஓமமும் நல்லெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாசனை. மருமகள் அடுப்பைப் பார்த்தாள், தட்டில் மூடி வைத்திருந்த சாமான்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாடி பாக்கத்தான இதெல்லாம்?"

"அதுவும் பாப்பாங்க. பயப்படாத, கண்ண மூடிப் படுத்துக்கோ, முடிஞ்சிடும்."

படுத்தாள். பெரிய மனுஷியாயிற்றே நான், சொன்னால் படுக்கத்தானே செய்வாள். அவள் விரல்கள் ரப்பர் விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தன. அதை என்னவோ எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வைத்தியர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். எண்ணெயில் விரல் வைத்துச் சூடு பார்த்தாள். சிரித்த முகமாகத்தான் கேட்டாள்: "முட்டு யாவாக நிந்திது?"

"எப்ப நின்னுச்சுன்னு கேக்கறாங்க கண்ணு. நேத்தா, முந்தாநேத்தா?"

மருமகள் தலையை மட்டும் தூக்கினாள்.

"நேத்தா? வரவே இல்லியே அத்தை. அதத்தான நின்னுருக்குன்னு சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, தமிழ் புரியவில்லை. வைத்தியர் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏனு? ஏன் ஹேளிதரு?" என்றாள். என்ன, என்ன சொன்னார்கள் என்று. நான், இந்த மாதம் வரவில்லையாம் என்று கன்னடத்தில் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே அர்த்தம் விளங்கியது.

வைத்தியர் போய் அடுப்பை அணைத்தாள். கையுறையைக் கழற்றினாள். மருமகளின் அடிவயிற்றில் மெதுவாகக் கை வைத்து அழுத்தினாள். வலப்பக்கம் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் வைத்ததும் மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினாள். எத்தனை நாளாக வலி என்று கேட்டதற்கு, ரெண்டு மூணு நாளா இழுத்துப் பிடிக்குது, வாயுன்னு நெனச்சேன் என்றாள். அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை.

சிறுநீர் சோதனை அட்டை அங்கேயே இருந்தது. நர்ஸ் கொண்டு வந்து காட்டினாள். இரண்டு கோடு.

நான் கை கூப்பிவிட்டேன். கூப்பிய கையே தானாகப் போனைத் தேடியது. மகனுக்குச் சொல்ல வேண்டும், காவேரிப்பட்டினத்து நாத்தனாருக்கும் சொல்ல வேண்டும், அவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். வைத்தியர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்னப் பெண், ஆனால் பிடி இரும்பு. "மகு எல்லிதெ அந்தா மொதலு நோட்பேக்கு" என்றாள். பிள்ளை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எங்கே இருக்கும், வயிற்றில்தானே என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள். குழாயில் அடைப்பு இருக்கிறவர்களுக்குக் கரு சில சமயம் கர்ப்பப்பைக்கு வந்து சேராமல் குழாயிலேயே தங்கிவிடும். வலி அந்தப் பக்கமே இருக்கிறது. அப்படி இருந்தால் குழாய் வெடிக்கும், உள்ளேயே ரத்தம் கொட்டும், உயிருக்கு ஆபத்து. இப்போதே, இந்த நிமிஷமே ஸ்கேன் எடுக்க வேண்டும். இது தன் கையில் இல்லை, பெரிய ஆஸ்பத்திரி வேலை.

"என்ன சொல்லுதாங்க அத்தை?"

நான் அந்தக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, அதில் நல்ல பாதி எது என்று தேடினேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒரு ஸ்கேன் எடுத்துட்டா..."

"முழுசாச் சொல்லுங்க. அன்னைக்கும் நீங்க முழுசாச் சொல்லல. அவங்க பேசினது எவ்வளவு நேரம், நீங்க சொன்னது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?"

முழுசாகச் சொன்னேன். வெடிக்கும் என்பதையும் சொன்னேன். அவள் எழுந்து, யாருடைய கையையும் பிடிக்காமல், தன் துணியை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஓசூருக்குத் திரும்பி வரும்போது அத்திப்பள்ளியில் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தாற்போல நின்றிருந்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் இடப்பக்கத்தை அமுக்கிக்கொண்டாள். நான் அவள் முகத்தின் நிறத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். உதடு வெளுக்கிறதா என்று. மகன் போன் லாக்கரில் இருக்கும், உள்ளே எடுத்துப் போகக் கூடாது. ஆனால் அந்தக் கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி என் சாப்பாடு சாப்பிடுகிறவர். அவருக்குப் போன் போட்டு, சூப்பர்வைசரைப் பிடித்து, ஓடுகிற லைனில் இருந்து என் மகனை இறக்கிவிட்டேன். இந்த ஊரில் எத்தனை பேரால் அது முடியும்? நாங்கள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அவன் யூனிபாரமோடு வாசலில் நின்றான்.

ஸ்கேன் அறைக்குள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் மட்டும் போனார்கள். டாக்டர் தமிழ் பேசுகிறவர். என் வாய்க்கு அங்கே வேலை இல்லை. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்தேன், வேறு யாராவதாக இருக்கும், உட்கார்ந்தேன். அரிசி எவ்வளவு ஊற வைக்கச் சொல்ல என்று கேன்டீனில் இருந்து போன் வந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதையோ போடு என்றேன்.

மகன் வெளியே வந்தான். குழாயில்தான் இருக்கிறது. இடப்பக்கம். இன்னும் வெடிக்கவில்லை, ஆனால் காத்திருக்க முடியாது. சாயங்காலத்துக்குள் சின்னச் சின்னத் துளை போட்டு ஆபரேஷன் செய்து அந்தக் குழாயையே எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. எண்ணெய் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் டாக்டரிடம் கேட்டேன். நல்லவேளை, விடவில்லை என்று மட்டும் சொன்னார்.

மயக்கம் தெளிந்ததும் அவள் என்னைப் பார்த்து, "கொஞ்ச நேரம் இருந்துச்சு இல்ல அத்தை?" என்றாள். இருந்துச்சு கண்ணு என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

வீட்டுக்கு வந்தபிறகு நாத்தனார் போனில் துக்கம் விசாரிக்கிற மாதிரிக் கிண்டினாள். வைத்தியசாலை, வைத்தியசாலைன்னு போயி கடைசில குழாயையே அறுத்துட்டாங்களாமே என்றாள். உன் நாக்கை அறுக்க எந்த ஆஸ்பத்திரியில ஆள் இருக்காங்கன்னு விசாரிச்சிட்டிருக்கேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது மருமகள் அடுத்த அறையில் இருந்தாள். சிரித்தாளோ இருமினாளோ, ஏதோ சத்தம் கேட்டது.

சூட்கேஸ் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. காயம் ஆறி அவள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். வயிற்றைப் பற்றிப் பேச்சு இல்லை. நான் வாக்குத் தவறவில்லை. சாப்பிட்டியா, பஸ் வந்துச்சா, அதோடு சரி. ஆனால் ஒவ்வொரு நாளும் அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் எனக்கு வேலை ஓடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் வீட்டில் இருக்கும்போது வைத்தியர் என் நம்பருக்குக் கூப்பிட்டாள். மருமகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். பிறகு, வலப்பக்கத்துக் குழாய் நன்றாக இருக்கிறதே, உடம்பு தேறியபிறகு, பெங்களூர் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு, அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், கர்ப்பப்பையின் பலத்துக்குச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம், அவசரம் இல்லை என்றாள். நான் வாயைத் திறந்தேன். பதில்கூடத் தயாராக இருந்தது. மருமகள் தோசைக்கரண்டியை வைத்துவிட்டு வந்து, கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

அவள் போனைக் காதில் வைத்து, வணக்கம் சொல்லி, எதிர்ப்பக்கம் பேசியதை நிதானமாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"ஈக பேடா, மேடம்."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்புக்குப் போனாள். மகன் என்னைப் பார்த்தான். அவனுக்குக் கன்னடம் அரைகுறை. எனக்கு முழுசாகத் தெரியும். பேடா என்றால் வேண்டாம். ஈக பேடா என்றால் இப்போது வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடே இருக்கிறது. அவள் லைனில் கன்னடப் பெண்கள் நிறையப் பேர்; காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்தாளா, தெரிந்து சொன்னாளா? வயிற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்றுதான் வாக்கு. சொல்லைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

"ஏம்மா, ஈகன்னா என்னன்னு தெரிஞ்சுதானே சொன்னே?"

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"தெரியும் அத்தை" என்றாள். "தெரிஞ்சுதான் சொன்னேன்."